கால் வைக்க இடம்

அடியே, தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்தித் தமட்டைப் பறைக்குச் சூடு காட்டுகிறார்கள். பக்கத்து வீட்டில் கல்யாணம். தோல் காயும் வாசனை மாடிவரை வந்துவிட்டது. உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓசூரில் கம்பெனி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தோமே, நான் உருகி உருகிக் கேட்கும் பாட்டையெல்லாம் கிண்டல் செய்வாய். "இது படுத்துக்கினு கேக்கற பாட்டுடி. எழுந்து ஆட வெக்காது" என்று கேசட்டை மாற்றுவாய். ஷிப்டு முடிந்து வந்த அலுப்பிலும் உன் கால் சும்மா இருக்காது. உன்னைப் போலப் பாட்டைக் காலால் கேட்டவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நீ எவ்வளவு இழுத்தும் நான் மட்டும் ஆடியதில்லை.

என் பெண்ணழைப்பை மறப்பேனா? மாப்பிள்ளை வீட்டார் கன்னடக்காரர்கள். திருநெல்வேலியிலிருந்து அரைமனதாக வந்திருந்த அப்பா, "தாலி ஏறினதும் வேன்ல ஏறிருவேன். பொறவு உன் பாடு" என்று சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை. ஊர்வலத்தில் தமட்டைக்காரர்கள் வித்தை காட்டுகிற வேகத்தில் அடித்தார்கள். கம்பெனிப் பையன்கள் மட்டும் குதித்தார்கள். இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு ஓரமாக நின்றது.

நீ நேராக அடிப்பவர்களிடம் போனாய். "அண்ணா, நீங்க அடிக்கறத வேடிக்கதான் பாக்க முடியுது. தூக்கன கால வெக்கறதுக்கு எடம் வுடுங்கணா."

அடி நிதானமானது. என் மாமியாராக வரப்போகிறவர் கொசுவத்தைச் செருகிக்கொண்டு இறங்கினார். கோயில் கொடைகளில் ஆடிப் பழகிய அப்பாவின் குதிகால் செருப்புக்குள் தட்டுவதை நீதான் முதலில் பார்த்தாய். "வாங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுத்தாய். வேட்டியை மடித்துக் கட்டினாரே மனிதர்! பேச்சு ஒரு வார்த்தை புரியாத சம்பந்தியம்மாவுக்கு எதிரே நின்று ஆடினார். மறுநாள் தாலி ஏறியதும் வேன் அவரில்லாமல்தான் திரும்பியது. மறுவீட்டு விருந்துவரை இருந்தார்.

போன வருடம் உன்னைப் பாடையில் எடுத்தபோதும் தமட்டை அதே அவசரத்தில்தான் ஒலித்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் போய் நின்று, "எடம் வுடுங்கணா" என்றேன், உன் பேச்சிலேயே. மாமியார் ஆடினார். ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த அப்பா அழுதுகொண்டே ஆடினார். என்னால்தான் முடியவில்லை.

இதோ, கீழே அடி தொடங்கிவிட்டது. நல்ல நிதானம், கேட்டால் தலையாட்டுவாய். என் குதிகால் தானாக எழுகிறது, பாரேன். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். பேனாவை வைத்துவிட்டு இறங்கி ஆடப்போகிறேன்.