பூங்காக் கதவின் பூட்டை அகற்றக் கோரி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளியின் மனைவி,
மேல்மாடி, பூங்காவுக்கு எதிர்வீடு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நுரையீரல் நோயாளிகள் நடந்துவந்த பூங்கா பூட்டப்பட்டது – மீண்டும் திறக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள். பஞ்சுத் தூசி இருவருடைய நுரையீரலையும் கெடுத்துவிட்டது. சட்டைப் பித்தானைப் போட்டு முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

2. மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: "மூச்சு வாங்குதேன்னு உட்கார்ந்துடாதீங்க. உட்கார உட்காரக் காலுல சதை கரைஞ்சிடும், அப்புறம் நாலடி வெச்சாலே முட்டும். இந்த நோய்ல நடமாடுறவங்கதான் அதிக நாள் இருக்காங்க." அன்றிலிருந்து இருவரும் பூங்காவில் நடந்தார்கள். சமதரை, மரநிழல், களைத்தால் உட்கார பெஞ்சு. "ரெண்டு ஓட்டை இன்ஜின் சேர்ந்து ஒரு வண்டிய இழுக்குது" என்று மூத்தவர் சிரிப்பார்.

3. சென்ற கோடையில் அங்கே ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். அவர் பிழைத்துக்கொண்டார், பூங்காவுக்குத்தான் பூட்டு விழுந்தது. காவலாளியிடம் கேட்டேன். "உங்க நல்லதுக்குத்தாம்மா. வீட்ல ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றார். மேலிடத்து உத்தரவு, அவரைக் குறை சொல்லவில்லை. தெருவில் நடக்கலாம் என்றால் லாரிப் புகை.

4. மூத்தவர் முதலில் வாசலோடு நின்றார். பிறகு நாற்காலியோடு. பிறகு சாப்பாட்டுத் தட்டும் நாற்காலிக்கே போயிற்று. தொடைச் சதை வற்றிக் கால்சட்டை தொளதொளத்தது. மழை தொடங்கியதும் சளிக்காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. பூட்டுதான் கொன்றது என்று நான் எழுதவில்லை, நோய் முற்றியும் இருக்கலாம். ஆனால் அவர் படிப்படியாக ஒடுங்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

5. ஐயா, இப்போது என் கணவரும் உட்காரத் தொடங்கியிருக்கிறார். கூடத்துக்குள் நடக்க வைத்துப் பார்த்தேன். "சுவத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல என்னடி நடை, கூண்டுக்குள்ள மாதிரி" என்று நிறுத்திவிட்டார். நேற்று, "வாங்க, வாசல் வரைக்குமாவது போவோம்" என்றேன். "அண்ணனும் இப்படித்தான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டான்" என்றார். சொன்ன வாயாலேயே, "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்.

6. ஆகவே, காலையும் மாலையும் சிறிது நேரமாவது பூங்காவைத் திறந்துவிட உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். அவர் விழுந்தால் பொறுப்பு எங்களுடையது என்று கையெழுத்திட்டுத் தரவும் தயார். இன்றுவரை அவர் யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நிற்கிறார். அந்தத் தெம்பு இருக்கும்போதே தங்கள் உத்தரவு வர வேண்டும். தாமதமாகத் திறந்தால், நடக்க எங்கள் வீட்டிலிருந்து ஆள் இருக்காது.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மனுதாரர்

இடம்: பூங்காவுக்கு எதிர்வீடு
நாள்: மழைக்காலம், திங்கட்கிழமை