விலை இறங்கட்டும்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பேரன் சின்னவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது மகன் போனைக் கொண்டுவந்து காட்டினான். நான் ஊருக்குப் போகும் டிக்கெட்டை அதில் குறித்து வைத்திருக்கிறானாம். விலை இறங்கினால் அதுவே மணி அடித்துச் சொல்லுமாம். "செவ்வாய்க்கிழமை பாத்தா கொஞ்சம் இறங்கும்மா" என்றான். இன்று செவ்வாய்தான். பார்த்தான். இறங்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

சின்னவன் பிறப்பதற்கு முன் வந்தவள் நான். ஆறு மாதம் என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள். விசாவை நீட்டித்தாயிற்று. இப்போது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

ஊரில் அவர் தனியாக இருக்கிறார். கிளம்பும்போதே மகனிடம் கேட்டேன், அப்பாவையும் கூட்டிக்கொள்ளேன் என்று. "குழந்தையப் பாத்துக்க ஒரு ஆள் போதும்மா, ரெண்டு டிக்கெட் எதுக்கு?" என்றான். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. உள்ளே இருந்ததுதானே வாயில் வரும்?

பிப்ரவரி 8, ஞாயிறு

அவரோடு பேசினேன். டிக்கெட் கதையைச் சொன்னேன். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர், அவருக்குப் புரியவே இல்லை. "ஒரே வண்டி, ஒரே ரோடு. முன்னாடி உக்காந்திருக்கிறவனுக்கு ஒரு விலை, பின்னாடி உக்காந்திருக்கிறவனுக்கு ஒரு விலை, நாளைக்கு வந்தா இன்னொரு விலையா? எங்க டிப்போவுல அப்படி சீட்டு கிழிச்சிருந்தா கண்டக்டர வீட்டுக்கு முழுசா அனுப்பியிருக்க மாட்டாங்க" என்றார். சிரித்துவிட்டேன். நான் சத்தமாகச் சிரித்து நாளாயிற்று போல, மருமகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கண்ணைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். அதற்குப் பிறகு வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வீட்டில் ஒருவர் வேண்டும். பக்கத்து வீட்டம்மா நான் விடுகிறேன் என்றாளாம். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஊரான் வீட்டுப் பொம்பளைகிட்ட தலைய நீட்டிக்கிட்டு உக்காரச் சொல்றியா? நீ வா. என் கண்ணு எங்கயும் ஓடிப்போயிடாது."

மகனிடம் சொன்னேன். அது சின்ன ஆபரேஷன், அவசரம் ஒன்றும் இல்லை என்றான்.

அந்தக் கண்ணைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும். சந்தை வாசலில் எத்தனை கூட்டம் இருந்தாலும் டிரைவர் சீட்டில் இருந்தபடியே என்னைக் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள், எனக்கு உயிரே போகும். வேண்டுமென்றேதான் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு போவேன் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பிப்ரவரி 10, செவ்வாய்

இறங்கவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

டிக்கெட் வாங்குவதில் இவ்வளவு தந்திரம் இருக்கும் என்று யார் கண்டது. வார நடுவில் போக வேண்டுமாம். இரண்டு இடத்தில் இறங்கி மாற வேண்டுமாம். பக்கத்து ஊர் விமான நிலையத்தில் ஏறினால் இன்னும் குறைவாம், அங்கே போவதற்கே அரை நாள் பஸ். ஒரே டிக்கெட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் நமக்கு ஆசை இருக்கிறது என்று கண்டுபிடித்து விலையை ஏற்றிவிடுவானாம். அதனால் பார்த்த தடத்தை அழித்துவிட்டுப் பார்க்கிறான் மகன். இதற்கா இவனை இன்ஜினீயருக்குப் படிக்க வைத்தோம்? கத்தரிக்காய் வாங்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு விலை கேட்பேனே, அதேதான்.

பக்கத்து வீட்டம்மா போன் செய்தாள். எப்போது வருகிறீர்கள் என்றாள். "பையன் நாளைக்கே போடுறேன்னுதான் நிக்கிறான். நான்தான் பேரப்பிள்ளைய விட்டுட்டு வர மனசில்லன்னு சொல்லிட்டேன்" என்றேன். சொல்லிவிட்டு வெகுநேரம் பாத்திரம் தேய்த்தேன். இந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க மெஷின் இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

பேத்தி இரண்டாம் வகுப்பு. என்னைப் போல் மூக்கும் என்னைப் போல் வாயும். கெட்டிக்காரி, வகுப்பில் இவள்தான் முதலில் கை தூக்குவாளாம். பள்ளிவிட்டு வந்ததும் டேப்லெட்டை எடுத்து வைத்துக்கொள்வாள். அப்பாவின் போனில் வருவது எல்லாம் அதிலும் வருகிறது. டிக்கெட் காலண்டரை அவள்தான் எனக்குக் காட்டிக் கொடுத்தாள். பச்சைக் கட்டம் என்றால் விலை குறைவு, சிவப்பு என்றால் அதிகம். எனக்கு எண் தெரியும், நிறம் தெரியும். அதற்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதும்.

இன்று மாலை டிங் என்று ஒரு மணி. "பாட்டி, உங்க விலை இறங்கிடுச்சு" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

என் விலை.

இந்த மாதக் கடைசியில் ஒரு வாரம் முழுக்கப் பச்சை. மகன் வந்தால் முகம் எப்படி மலரும் என்று நினைத்துக்கொண்டே சோறு வடித்தேன். வந்தான், சாப்பிட்டான், சின்னவனைத் தூக்கிக் கொஞ்சினான். ஒன்றும் சொல்லவில்லை. களைப்பாக இருக்கும், நாளைக்குச் சொல்வான்.

மார்ச் 6, வெள்ளி

சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இன்னும் பச்சைதான். நானே கேட்டேன். என்னப்பா, மணி ஏதும் அடித்ததா என்று. போனைப் பார்த்தபடியே "இல்லம்மா, இன்னும் இறங்கட்டும்" என்றான்.

பேத்தி இருந்தாளே, சும்மா இருப்பாளா. "அடிச்சுதேப்பா, நானே பாத்தேன்" என்றாள். மருமகள் எழுந்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அந்த டிக்கெட்டில் பெட்டி கொண்டுபோக முடியாது, கைப்பை மட்டும்தான். மாறுகிற இடத்தில் வெகுநேரம் உட்கார வேண்டும். நான் தனியாகத் தடுமாறுவேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கடைசியில் மருமகள்தான் வாசலில் நின்று உண்மையைச் சொன்னாள். "அத்தை, எனக்கு இப்பதான் வேலைல ஷிப்ட் மாத்தியிருக்காங்க. எங்க அம்மா வர்ற வரைக்கும் இருங்க. காப்பகத்துல விட்டா மாசாமாசம் ஒரு டிக்கெட் காசு அங்கயே போயிடும்."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்டிருந்தால் இருந்திருப்பேனே. முகத்தைப் பார்த்துச் சொன்னாள், அவ்வளவுதான். மகனைப் பார்த்தேன்.

"எனக்கு விலை குறையணும்னு காத்திருந்தியா, உனக்கு மாத்து ஆள் கிடைக்கணும்னு காத்திருந்தியா?"

தலையைக் குனிந்துகொண்டான். ஐந்து வயதில் பென்சில் திருடிக்கொண்டு வந்தபோது குனிந்த அதே தலை. அன்று ஒரு அடி போட்டேன். இன்று எழுந்து போய்த் துணி மடித்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

வீடியோவில் அவர். நெற்றி மட்டும்தான் தெரிந்தது. போனைக் கொஞ்சம் கீழே இறக்குங்க என்றேன். இறக்கினார், கூரை தெரிந்தது. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி மாட்டியிருந்தார். சட்டை விஷயத்தில் அவ்வளவு சுத்தமான மனுஷன்.

"நீ ஏன் இருட்டுல உக்காந்திருக்க? கரண்ட்டு மிச்சம் பண்ணச் சொல்றாங்களா உம் மகன் வீட்டுல?"

நடுப்பகல். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் வெயில் கூசியது.

ஆமாங்க, லைட் போடல என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

சம்பந்தியம்மா வருகிறார்கள். சம்பந்தியும் வருகிறார். இரண்டு டிக்கெட். எங்கேயும் இறங்கி மாறாமல் நேராக வரும் விமானம், அவர்களுக்கு முட்டி வலியாம். மருமகளின் தம்பி ஒரே நாளில் வாங்கிவிட்டானாம். அந்தப் பையன் காசு, அவன் பெற்றவர்கள். நான் என்ன சொல்ல இருக்கிறது?

மணி எதுவும் அடிக்கவில்லை.

மார்ச் 18, புதன்

எனக்கும் போட்டுவிட்டான். ஏப்ரல் 21. சம்பந்தியம்மா வந்து சின்னவன் அவர்களிடம் பழகியபின் நான் கிளம்ப வேண்டும். ஒரு டிரைவர் இறங்கி இன்னொரு டிரைவர் ஏறுகிற மாதிரி. பச்சை வாரத்தை விட்டாயிற்று, ஏப்ரலில் அந்த வாரம் சிவப்பு. சிவப்பு விலைக்கே வாங்கினான். அதைச் சொல்லிக் காட்டுவானோ என்று பார்த்தேன், சொல்லவில்லை. அந்த மட்டில் என் பிள்ளை.

ஆனால் திரும்பி வரவும் சேர்த்துப் போட்டிருக்கிறான். ஜூன் 16. நான் எப்போது வருகிறேன் என்றேன்? "போக மட்டும் வாங்கினா விலை அதிகம்மா. போக வர சேத்து வாங்கினாதான் குறைவு" என்றான். ஒன்று வாங்கினால் அதிகம், இரண்டு வாங்கினால் குறைவு. எந்தக் கடையில் இந்தக் கணக்கு?

அது மட்டுமா. சக்கர நாற்காலிக்கு வேறு எழுதிக்கொடுத்திருக்கிறான். என் காலுக்கு என்ன கேடு வந்தது என்று கேட்டேன். இரண்டு இடத்தில் மாற வேண்டும், பாஷை தெரியாது, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவர்களே தள்ளிக்கொண்டு போய் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், எல்லாருடைய அம்மாவும் அப்படித்தான் போகிறார்கள் என்றான். உட்கார மாட்டேன் என்றேன்.

அவர் கண் ஞாபகம் வந்தது. சரி என்றேன்.

ஏப்ரல் 11, சனி

சம்பந்தியம்மா வந்து இரண்டு நாள் ஆகிறது. பாவம், நல்ல மனுஷி. சின்னவனுக்கு எந்தப் பக்கம் சாய்த்தால் தூக்கம் வரும், எந்தக் கிண்ணத்தில் வைத்தால் சாப்பிடுவான் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து சம்பந்தியம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டார். "இவருக்கு என்னை விட்டா வேற வேலை இல்ல, சம்பந்தியம்மா" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார், வெகுளியாக.

அறைக்குப் போய்ப் பெட்டி அடுக்குகிற மாதிரி நின்றேன். அடுக்கி முடித்து எத்தனையோ நாள் ஆகிறது.

ஏப்ரல் 21, செவ்வாய். நடுவழி விமான நிலையம்

பேத்தி கட்டிப்பிடித்து அழுதாள். சின்னவன் சம்பந்தியம்மா இடுப்பில் இருந்துகொண்டு கை ஆட்டினான். சிரித்துக்கொண்டே ஆட்டினான். பழகிவிட்டான். நான்தானே பழக்கினேன்?

இங்கே ஒரு கண்ணாடிச் சுவர் ஓரமாக எங்களை எல்லாம் சக்கர நாற்காலியில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புடவைக்குக் கீழே ஷூ போட்ட பொம்பளைகள். ஒருத்தி காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பார்த்தால் மாடி ஏறி இறங்குகிற கால்.

"உங்களுக்கும் முட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. இங்கிலீஷ்" என்றாள்.

வரிசையே சிரித்தது. யாரைக் கேட்டாலும் பேரனையோ பேத்தியையோ முறைபோட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள், அல்லது பார்க்கப் போகிறாள். ஒருத்தியோடும் வீட்டுக்காரர் இல்லை. இதைக் கவனித்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 22, புதன்

சிவப்புப் புடவையை நடுவழியிலேயே மாற்றிக் கட்டிக்கொண்டேன்.

வெளியே தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். பக்கத்து வீட்டம்மாவின் மருமகன் வண்டி எடுத்துக்கொண்டு கூட்டிவந்திருந்தான். நான் பார்த்துவிட்டேன். மெலிந்துவிட்டார். கழுத்தை நீட்டி நீட்டி, வருகிற ஒவ்வொரு ஆளையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியைத் தள்ளிய பையன் என்னை அவருக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினான். கை நீட்டினால் தொடலாம்.

என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து நடந்து போய் அவர் கையைப் பிடித்தேன்.

"ஏங்க. நான்தாங்க."

"தெரியும், தெரியும். வெளிச்சம் கண்ணுல அடிக்குது" என்றார்.

மே 7, வியாழன்

டாக்டர் இளம்பெண். இவ்வளவு நாள் ஏன் விட்டீர்கள் என்று என்னைத்தான் கேட்டாள். டிக்கெட் விலை இறங்கவில்லை என்று சொல்ல முடியுமா? ஒரு கண் தேறிவிடுமாம். இன்னொன்றில் புரை முற்றி அழுத்தம் ஏறி உள்நரம்பு கெட்டுவிட்டது, அதில் போனது போனதுதான் என்றாள்.

வெளியே வந்ததும் "ஒரு லைட்டுல எத்தனையோ தடவை பஸ்ஸ டிப்போவுக்குக் கொண்டு சேத்திருக்கேன். விடு" என்றார்.

மகனிடம் போனில் சொல்லிவிட்டேன். மறைக்கவில்லை, ஏசவும் இல்லை. அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. இருக்கட்டும். அவனும் கொஞ்சம் சத்தமில்லாமல் இருக்கட்டும்.

ஜூன் 1, திங்கள்

தேறும் என்ற கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று.

ஜூன் 10, புதன்

மகன் பேசினான். சம்பந்தியம்மாவுக்கு முட்டி வீங்கி நடக்க முடியவில்லையாம், ஊருக்கே திரும்புகிறார்களாம். பேத்தி தினமும் பாட்டி எப்போது என்கிறாளாம். அது பொய்யாக இருக்காது, எனக்கும் அவள் குரல் கேட்காமல் சோறு இறங்கவில்லை. "பதினாறாந் தேதி டிக்கெட் இருக்கேம்மா. விட்டா வீணாப் போயிடும். தேதி மாத்தணும்னா புது டிக்கெட் விலை கேக்கிறான்."

"அப்பாவுக்கும் சேத்துப் போடு, வர்றேன்" என்றேன்.

"ரெண்டு டிக்கெட்டும்மா. இப்ப விலை ரொம்ப ஏறிக் கிடக்கு."

"அவசரம் இல்லப்பா. இறங்கட்டும், பாக்கலாம்."

ஜூன் 16, செவ்வாய்

காலையில் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது தெருமுனையிலேயே பார்த்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சிவப்புப் புடவை கட்டிய யாரோ ஒரு பெண் வீட்டைத் தாண்டிப் போனாள். வாயாலேயே இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அவள் திரும்பி முறைத்துவிட்டுப் போனாள். நான் நீலப் புடவை கட்டியிருந்தேன். மெதுவாக நடந்து வந்தேன், பார்க்காத மாதிரி.

சாயங்காலம் மணி என்ன என்று கேட்டார். விமானம் ஏறுகிற நேரம் என்றேன். தலையை நிமிர்த்தி, நல்ல கண்ணை விரலால் விரித்துக் காட்டினார். மருந்தை எடுத்து இரண்டு சொட்டு விட்டேன்.