மேடு ஏறாத வண்டி

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் மேட்டில் கொதித்துவிட்டது. ஆஸ்பத்திரி கேட் கண்ணுக்குத் தெரிகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. பின்னால் சலவை செய்த துணி மூட்டைகள், முன்னால் ஆவி. ரோட்டில் போகிறவன் எல்லாம் நின்று, "தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்கிறான். இல்லையப்பா, டீ ஊற்றினேன்.

ஆஸ்பத்திரி ஸ்டோர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "இன்னொரு தடவ ஆபரேஷன் துணி நேரத்துக்கு வரலன்னா வேற வண்டி பாத்துக்குவேன்." சொன்னால் செய்கிற ஆள். இந்தச் சவாரி போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

மார்ச் 5

அவரிடம் சொன்னேன். இடுப்பில் அடிபட்டு ஸ்டியரிங்கை விட்டதிலிருந்து ஜன்னலோரக் கட்டில்தான் என் வீட்டுக்காரருக்கு எல்லாம். "தம்பிய வரச் சொல்றேன்" என்றார்.

வேறு மெக்கானிக்கே கிடைக்கவில்லையா? ஊருக்கு அவன் மெக்கானிக், எனக்குக் கொழுந்தன். இந்த டைரியில் மேதாவி. வாயைத் திறந்தால் பாடம்தான்.

மார்ச் 8, ஞாயிறு

மேதாவி பானட்டைத் தூக்கியதும் ஆரம்பித்துவிட்டான். "அண்ணி, இந்த ரேடியேட்டர் வண்டியோட பொறந்தது. உள்ள பாதி அடைச்சுப் போச்சு. பெருசா ஒண்ணு போடணும். இந்த ஃபேன் இஞ்சின் பெல்ட்டுல சுத்தறது. மேட்டுல நீங்க மெதுவா போனா அதுவும் மெதுவாத்தான் சுத்தும். கழட்டிட்டு, பேட்டரில ஓடற ஃபேன் ரெண்டு வச்சிரலாம்."

சூட்டுக்குத் தக்கபடி தண்ணீரைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டையே காணோமாம். "யாரு அண்ணி கழட்டிப் போட்டது?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறான். நான் இந்த வண்டியை ஓட்ட ஆரம்பித்தே ஒரு வருஷம் ஆகவில்லை! ஜன்னலுக்குள் இருந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க ஓட்டறத மட்டும் பாருங்க. உள்ள இருக்கறத நான் பாத்துக்கறேன்." அந்த ஸ்பானரைப் பிடுங்கி மண்டையில் ஒன்று போடலாமா என்று வந்தது. டீ கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை.

மார்ச் 10

வேலை முடிந்தது. புது ரேடியேட்டர், புது தெர்மோஸ்டாட், இரண்டு ஃபேன். போட்டுக் காட்டிவிட்டு, ஏதோ கப்பல் கட்டியவன் மாதிரி நின்றான். நாளைக்கு மேட்டில் தெரியும்.

மார்ச் 11

கொதித்தது. முன்பைவிடச் சீக்கிரமாக. பாதி மேட்டிலேயே. கிடைத்த ஆட்டோக்களில் மூட்டைகளைத் திணித்து அனுப்பினேன். கடைசி நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது.

மேதாவிக்கு போன் போட்டுக் கிழித்துத் தொங்கவிட்டேன். "வேணும்னுதானே பண்ணின? நான் நடுரோட்டுல நிக்கணும், நீ வந்து வண்டிச் சாவிய வாங்கிக்கணும், அதானே?"

"அண்ணி, நான் செக் பண்ணித்தான் குடுத்தேன்..."

"இந்த வாசப்படிய மிதிக்காத."

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "விடு, மேட்டுச் சவாரியே வேணாம். கீழயே ஏதாவது பாத்து ஓட்டு" என்றார். என்ன ஒரு சாந்தம்!

மார்ச் 12

மேதாவி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். "திட்டுங்க அண்ணி, பரவால்ல. ஃபேன் ஓடறப்ப ரேடியேட்டருக்கு முன்னாடி ஒரு பேப்பரக் காட்டுங்க. இழுத்து ஒட்டிக்கணும். தள்ளிச்சுன்னா வயர் ரெண்டும் மாறியிருக்கு, ஃபேன் தலைகீழா சுத்துது."

காட்டினேன். பேப்பர் பறந்து வந்து என் முகத்தில் அடித்தது. இஞ்சின் சூட்டையெல்லாம் வாரி ரேடியேட்டர் மேலேயே ஊதிக்கொண்டிருக்கிறது!

மாட்டினாயா மேதாவி என்று வயரைத் தேடினேன். அவன் சுற்றுவது கறுப்பு டேப். எல்லா இணைப்பிலும் அதுதான். ஃபேன் வயரில் மட்டும் வெள்ளை — துணி டேப் — தினமும் இவர் இடுப்பில் நான் ஒட்டிவிடுகிற பிளாஸ்திரி.

தண்ணீர் டம்ளரைக்கூடக் குனிந்து எடுக்காத மனுஷன். பானட்டைத் தூக்கியிருக்கிறார்.

கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வண்டி கெடணும்னு பண்ணல. மேடு ஏறாம இருந்தா போதும்னுதான்."

"ஏன்?"

"அத்தன வருஷம் நான் ஓட்டினேன். ஆஸ்பத்திரி வண்டின்னாங்க. ஒருத்தன் என் வண்டின்னு சொல்லல. இப்ப தெரு முனையில வர்றப்பவே 'அக்கா வண்டி வந்துருச்சு'ன்றான். நாள் முழுக்க இந்த ஜன்னல்ல அதத்தான் கேக்கறேன்."

அதுக்கு? அதுக்காக என்னை நடு மேட்டுல நிறுத்துவியா? பின்னாடி லாரி வந்திருந்தா? அக்கா வண்டின்னு நானா பேர் வச்சேன்? இந்த இடுப்பையா நான் தினம் தேய்ச்சுவிட்டேன்... பாவம் பாவம்னு! வெறுப்பாக இருக்கிறது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

மார்ச் 13

வயரை நானே மாற்றினேன். பேப்பர் ஒட்டிக்கொண்டது. மேடு ஏறினேன். சூடு காட்டுகிற முள் நடுவிலேயே நின்றது. "சீக்கிரம் வந்துட்ட" என்றாள் ஸ்டோர் அம்மா.

மார்ச் 14

இன்று பிளாஸ்திரி ஒட்டிவிடவில்லை. அவரும் கேட்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

கொழுந்தனை வரச் சொன்னேன். வாசலுக்கு வெளியிலேயே நின்றான். "தப்பா பேசிட்டேன், உள்ள வா" என்றேன். "விடுங்க அண்ணி." யார் வயரை மாற்றியது என்று அவன் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

பானட்டுக்குப் பூட்டு வைக்கச் சொன்னேன். வைத்தான். சாவி இரண்டு. ஒன்றை நான் எடுத்துக்கொண்டு மற்றதை அவன் கையில் வைத்தேன்.

"அண்ணனுக்கு?" என்றான், குரலைத் தாழ்த்தி.

"உங்க அண்ணனுக்கு எதுக்கு? அக்கா வண்டிதானே இது."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.