ராஜாவின் அங்கியும் நம்ம வீட்டுத் திரைச்சீலையும்

என்னங்க,

அரங்கத்துக்குக் கிளம்பிட்டேன். இன்னிக்குத்தானே எங்க இசை நாடகம் முதல் காட்சி. சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

உங்களைக் கேட்காம ஹால் திரைச்சீலையை வெட்டி ராஜாவுக்கு அங்கி தைச்சது என் தப்புதான். அதுக்காக ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தது உங்க தப்பு. ஆனா காலையில பார்த்தா, அங்கியில நான் தைக்காம விட்டிருந்த இருபத்திரண்டு பட்டனும் வரிசையா நிக்குது! என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம எப்பங்க தைச்சீங்க? சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிடுச்சு.

மூணு மணிக்கு ராஜா வேஷம் போடறவர் வருவார். அங்கியைப் போட்டுக் கையைத் தூக்கிப் பாடச் சொல்லுங்க. நேத்து உச்சக்குரல் எடுத்ததும் அக்குள்ல டர்ருனு கிழிஞ்சிடுச்சு. இப்ப துணி சேர்த்திருக்கேன். கிழியலைன்னா அப்படியே அனுப்பிடுங்க. கிழிஞ்சா போன் பண்ணுங்க, ஊசியோட ஓடி வர்றேன்.

சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொடுத்துட்டு ஆறு மணிக்கு நீங்களும் வந்துடுங்க. முன்வரிசையில இடம் போட்டிருக்கேன்.

பி.கு.: அக்குள்ல சேர்த்தது உங்க சிவப்புச் சட்டை. திட்டுறதா இருந்தா நேர்ல வந்து நல்லாத் திட்டுங்க. நீங்க பேசாம இருக்கறதைத்தான் என்னால தாங்க முடியலை.