சிரித்ததற்காக வெளியேற்றப்பட்ட முன்வரிசை

அனுப்புநர்:
படத்தில் வரும் சிறுவனின் அசல் ஆள்,
சைக்கிள் கடைத் தெரு
(கடை இப்போது இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது).

பெறுநர்:
உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், மாடி.

பொருள்: நினைவு நாள் திரைப்படக் காட்சியில் சிரித்த குற்றத்திற்காக நகர மண்டபத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நால்வரை, வரும் ஞாயிறு கடைசிக் காட்சிக்கு அனுமதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதற்கண் என்னைப் பற்றி. எங்கள் தெருவில் மனு என்றால் என்னிடம்தான் வருவார்கள். நான் எழுதிய மனுவுக்கு மறுநாளே குழாயில் தண்ணீர் வந்த வரலாறு உண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்புதான் என்றாலும், அதே வகுப்பை மூன்று வருடம் ஊன்றிப் படித்திருப்பதால் ஏழுக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

2. இன்னார் என்கிற ஒரே காரணத்துக்காக எங்கள் தெருவைக் கொளுத்தி, கையில் அகப்பட்டவர்களை வெட்டிப்போட்ட நாளைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் அலுவலகக் கடிதங்களில் அதை 'அந்தச் சம்பவம்' என்று எழுதுகிறீர்கள். அதைத்தான் இப்போது படமாக எடுத்திருக்கிறார்கள். படத்தில் பாதி என்னுடையது. இயக்குநர் தம்பி எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். (பக்கத்தில் இருக்கும் அக்கா, "சொன்னது நானு, நீ டீ கொண்டாந்து குடுத்தே" என்கிறாள். டீயும் முக்கியம்தான் ஐயா.)

3. அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், அந்தச் சைக்கிள் கடையை வைத்திருந்தவர். அவர் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது, வீட்டோடு எரிந்துபோய்விட்டது. ஆகவே அவராக நடிக்க வந்த தம்பிக்கு நடையை அக்காவே சொல்லிக்கொடுத்தாள். டயர்களைத் தோளில் மாட்டி மாட்டி இடது தோள் தூக்கினாற்போல் இருக்கும், வாசலைத் தாண்டும்போது கதவே இல்லாத இடத்திலும் தலையைக் குனிவார். அந்தத் தம்பி மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடக்க, அக்கா, "தோளு, தோளு!" என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் புறாக்கள் பறந்து போனவை இன்றுவரை திரும்பவில்லை.

4. சென்ற ஞாயிறு முதல் காட்சிக்கு நாங்கள் நால்வர் போனோம். அக்கா, தையல்காரர், பால்காரர் மனைவி, நான். முன்வரிசை காலியாக இருந்தது, உட்கார்ந்தோம். அது பிரமுகர்களுக்கு உரியது என்றார்கள். எங்களைவிடப் பிரமுகர் யார் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டோம்.

5. இப்போது படத்தைப் பற்றிக் கொஞ்சம். இது புகாரின் பகுதியல்ல, பொதுநலன் கருதி எழுதுவது. முதல் காட்சியிலேயே எங்கள் தெருவில் ஒருத்தரும் பேசவில்லை. நாளைக்குச் சாகப்போவது முந்தின நாளே தெரிந்தது போல எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் வயலின் அழுகிறது. ஐயா, முந்தின நாள் எங்கள் தெருவில் ஒரு கழுதை தையல் கடைக்குள் புகுந்து கல்யாண ஜாக்கெட்டைத் தின்றது. தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வெட்ட வந்தவர்களுக்கும் படத்தில் ஆளுக்கொரு தழும்பும் சிவந்த கண்ணும் வைத்திருக்கிறார்கள். அப்படி இருந்திருந்தால் தூரத்திலேயே அடையாளம் கண்டு ஓடியிருக்க மாட்டோமா? வந்தவர்களில் ஒருவர் அன்று காலையில்தான் அத்தானிடம் காற்றடித்துக்கொண்டு, சௌக்கியம் விசாரித்துவிட்டுப் போனவர்.

6. சம்பவத்துக்கு வருகிறேன். (எங்கள் சம்பவம்.) திரையில் அக்காவாக வரும் பெண் ஜன்னலோரம் நின்று, காதில் விழாத குரலில், "போகாதீர்கள், எனக்கு அச்சமாக இருக்கிறது" என்றாள். எங்கள் அக்கா பிறந்ததிலிருந்து மெதுவாகப் பேசியதில்லை. தெருவில் அவள் பெயரே ஒலிபெருக்கி. பால்காரர் மனைவி தாங்க முடியாமல், "ஏய் ஒலிபெருக்கி, உனக்கு எப்படி தொண்டை கட்டுச்சு?" என்று கேட்டுவிட்டார். அதோடு விட்டதா? அடுத்து நான் வந்தேன். எலும்பும் தோலுமாக, பெரிய பெரிய கண்களோடு ஒரு பையன். அந்த வயதில் என்னைத் தெருவில் பீப்பாய் என்று கூப்பிடுவார்கள். தையல்காரர், "டேய் பீப்பாய், உன்னை யாருடா பிழிஞ்சது?" என்றார். அவ்வளவுதான், முன்வரிசை முழுக்கச் சிரிப்பு. அக்காதான் அதிகம்.

7. மண்டபப் பொறுப்பாளர் டார்ச்சை எங்கள் முகத்தில் அடித்தார். "செத்தவங்க படம் ஓடுது, மரியாதை வேணாம்? எந்திரிங்க" என்றார். திரையைக் காட்டி, "அந்தப் பையனே நான்தாங்க" என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், குடித்திருக்கிறேனா என்று முகர்ந்தும் பார்த்தார். "இனிமே நாலு பேரும் இந்தப் பக்கமே வரக்கூடாது" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. புதிதாக வந்தவர், வேறு ஊர்க்காரர், செத்தவர்கள் மேல் உண்மையிலேயே மரியாதை உள்ளவர். ஆனால் மரியாதை வேண்டாமா என்று அவர் கேட்டது செத்தவருடைய மனைவியிடம். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து நடந்தாள். எனக்குத் தெரிந்து அவள் அப்படிப் பேசாமல் இருந்தது இரண்டாம் தடவை.

8. முதல் தடவை எது என்பதைச் சொல்லியாக வேண்டும். கும்பல் வருவது தெரிந்ததும் அத்தான் எங்களைக் கடைக்குள் தள்ளி ஷட்டரை இழுத்துவிட்டார். உள்ளே இருநூறு பேர். ("பதினோரு பேருடா. மூணு பேர் இடத்தை நீயே அடைச்சுக்கிட்டே" என்கிறாள் அக்கா. பதினொன்று என்று திருத்தி வாசிக்கவும்.) அவர் வெளியே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பஞ்சர் ஒட்ட ஆரம்பித்தார். உள்ளே யார் என்று கும்பல் கேட்டது. அத்தான் சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது: "உள்ளயா? என் பொண்டாட்டி உள்ள இருந்தா இந்நேரம் உங்களுக்குக் கேட்டிருக்காதாண்ணே?"

9. ஐயா, அவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா குரலைப் பக்கத்துத் தெருக்காரர்களும் அறிவார்கள். உள்ளே எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் வருமா என்று கேட்காதீர்கள், வந்தது. பால்காரர் மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். தையல்காரர் ஒரு டியூபைக் கடித்தார். அக்கா ஒரு கையால் என் வாயையும் மறு கையால் தன் வாயையும் பொத்திக்கொண்டாள். நான் கையில் ஸ்பானரோடு பாயத் தயாராக இருந்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன். (அக்கா இதற்குத் தலையில் அடித்துக்கொண்டாள்.)

10. சிரித்தவர்கள் போய்விட்டார்கள். பின்னால் வந்த கும்பலுக்குச் சிரிக்கத் தெரியவில்லை. அவர்களும் ஷட்டரைத் திறக்கவில்லை.

11. அன்று அத்தான் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பதை அக்கா பார்க்கவில்லை. ஷட்டருக்குக் கீழே செருப்பு மட்டும் தெரிந்ததாம். அந்தக் காட்சி இடைவேளைக்குப் பிறகு வருகிறது. எங்களை அதற்கு முன்பே வெளியேற்றிவிட்டார்கள். "நடிகன்னு எனக்குத் தெரியாதாடா? அந்தத் தோளை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்கிறாள். ஞாயிறு காட்சியோடு படம் வெளியூர் போகிறது.

12. இன்னொரு விஷயம். அத்தான் சொன்ன அந்த வார்த்தையை அக்கா இயக்குநர் தம்பியிடம் சொன்னாள். சோகத்தைக் கெடுக்குமோ என்று அவர் யோசித்தாராம். வைத்தாரா, எடுத்தாரா என்று தெரியாது.

ஆகவே ஐயா அவர்கள் எங்கள் தடையை நீக்கி, ஞாயிறு காட்சிக்கு நான்கு இருக்கைகள் தர ஆணையிடுமாறு வேண்டுகிறோம். முன்வரிசை வேண்டாம், தூணுக்குப் பின்னால் கொடுத்தாலும் சரி. தழும்பு வந்தாலும் வயலின் அழுதாலும், என்னையே எலும்பாகக் காட்டினாலும் வாயைத் திறக்க மாட்டோம். அந்த வார்த்தை படத்தில் இல்லையென்றால், பொறுப்பாளர் மெச்சும்படி கடைசிவரை அமைதியாக இருந்துவிட்டு வருவோம்.

இருந்தால் சிரிப்போம். அன்று வாயைப் பொத்தியது போதும், இனிமேல் முடியாது. அந்த ஒரு நிமிடம் மட்டும் டார்ச்சை அணைத்துவைக்கும்படி பொறுப்பாளருக்குச் சொல்லிவிடவும்.

இடம்: சைக்கிள் கடைத் தெரு
நாள்: வெள்ளிக்கிழமை காலை

தங்கள் பதிலை வாசலிலேயே நின்று எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) பீப்பாய்
(ஒப்பம்) தையல்காரர்
(ஒப்பம்) பால்காரர் மனைவி
(கைநாட்டு) ஒலிபெருக்கி. வாசிக்கக் கேட்டு, ஸ்பானர் நீங்கலாக எல்லாம் சரி என்று சொல்லி வைத்தது.