பன்னிரண்டு மணிக்குப் பிறகு வந்த கட்டுரைகள்

செப்டம்பர் 16, செவ்வாய்

என் கல்லூரி மாணவி மௌமிதா இந்தப் பருவத்தில் அனுப்பிய நான்கு கட்டுரைகளும் கெடு முடிந்து, நள்ளிரவு தாண்டி ஐந்து பத்து நிமிடங்களில்தான் என் வகுப்புச் செயலிக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் குறைத்தேன். அலட்சியம் என்று குறிப்பும் எழுதினேன்.

இன்று எல்லார் முன்னாலும், உன் வீட்டுக் கடிகாரம் மட்டும் மெதுவாக ஓடுகிறதா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, வங்காள மொழியில் மெதுவாகச் சொன்னாள்.

"மேம், வீட்டுல ஒரு போன்தான். தம்பியும் அதுலதான் படிக்கிறான். ராத்திரிக்குள்ள டேட்டா தீர்ந்துடும். பன்னெண்டு அடிச்சாத்தான் மறுநாள் டேட்டா வரும். முழிச்சிருந்து அனுப்புறேன்."

நகருக்கு வெளியே சாந்த்ராகாச்சியிலிருந்து, காலையின் முதல் பாடவேளைக்கு வருகிறவள்.

வீட்டில் என் மகளிடம், இது எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்றேன்.

"நம்மாத்துல வைஃபை ஓடிண்டே இருக்கு. உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள், போனிலிருந்து தலையை எடுக்காமல்.

கெடுவைக் காலை எட்டு மணிக்கு மாற்றிவிட்டேன். ஆனால் மதிப்பெண் பட்டியல் போன வாரமே அலுவலகத்துக்குப் போய்விட்டது. திருத்த வேண்டுமானால் துறைத் தலைவருக்குக் காரணம் எழுத வேண்டும். இருமுறை தொடங்கினேன். இருமுறையும் ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்றுதான் கை எழுதியது. மூன்றாவது தாளில் என் தவறு என்று எழுதிவிட்டேன்.

வகுப்பிலும் சொல்ல வேண்டும். ஆனால் காரணத்தைச் சொன்னால் அவள் வீட்டு நிலைமை எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதலில் அவளைக் கேட்க வேண்டும்.