சொல்லடைவுக்கு எத்தனை ஜி.பி. வேண்டும்?

மார்ச் 3, திங்கள்

காலை வழிபாட்டில் மனம் நிலைகொள்ளவில்லை. மறைநூலின் எந்தச் சொல் எங்கெங்கே வருகிறதென உரைகளோடு காட்டும், பன்னிரண்டு ஆண்டுகள் தொகுத்த என் சொல்லடைவு நேற்றும் வாசகர் அவையின் நடுவே நின்றுபோயிற்று. நாற்பது பேர் தத்தம் வீடுகளிலிருந்து ஒரே நேரத்தில் சொற்களைத் தேட, என் அறையிலுள்ள சர்வர் இரண்டாம் முறையாக விழுந்தது. அவைத்தலைவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "இன்னொரு தடவை விழுந்தா அச்சுப் புத்தகத்துக்கே போயிடலாம் ஐயா."

அச்சில் உரைகளுக்கு இடமேது? முக்கால் பங்கு உதிர்ந்துவிடும்.

மார்ச் 5

சர்வரின் நினைவகம் எட்டு ஜி.பி.யிலிருந்து பதினாறாயிற்று. இனிக் கவலையில்லை.

மார்ச் 6

கவலை இருக்கிறது. சோதித்துப் பார்த்தேன், இரண்டு ஜி.பி.யைத் தொட்டதும் விழுந்தது. பதினான்கு சும்மா கிடக்க, இரண்டிலேயே மூச்சு முட்டுவானேன்?

மார்ச் 7

மருமகளின் தாயார் வந்திருந்தார். முப்பது ஆண்டுகள் சர்வர்களைக் கட்டி மேய்த்து ஓய்வுபெற்றவர். அவரிடம் கேட்பது கௌரவக் குறைச்சலாகத் தோன்றியது, ஆயினும் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"சட்டியில நெறைய இருக்கு சம்பந்தி, உங்க அகப்பைதான் சின்னது. விண்டோஸ்ல உங்களுது மாதிரி பழைய முப்பத்திரண்டு பிட் ப்ரோக்ராமுக்கு வழக்கமா ரெண்டு ஜி.பி.தான். நீங்க அம்பது வாங்கிப் போட்டாலும் அது எட்டிக்கூட பாக்காது."

"லினக்ஸ்ல?"

"மூணு கெடைக்கும். அந்தப் பிச்சை எதுக்கு? அங்க போறதுன்னா அறுபத்துநாலு பிட்டாவே போங்க, அதுக்கு இந்த வரம்பே கெடையாது."

மார்ச் 8

லினக்ஸ், அறுபத்துநான்கு பிட். உச்சவரம்பாகப் பதினாறையும் சொல்லடைவுக்கே எழுதிவைத்தேன். என்னே என் வள்ளன்மை!

மதியம் — பிழைச்செய்திகூட இல்லை, ஓடிக்கொண்டிருந்த சொல்லடைவு நிரலையே காணோம். நாளைக்கு அவை. ஐயோ, இப்ப என்னதான் பண்றது?

தொலைபேசியில் சம்பந்தியம்மாள் சர்வர் எழுதிவைத்திருந்த பதிவுகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "லினக்ஸே அதைக் கொன்னுருக்கு. பதினாறையும் ஒருத்தருக்கே எழுதிக் குடுத்தா சிஸ்டம் எங்க குடியிருக்கும்? பன்னெண்டோட நிறுத்துங்க."

பன்னிரண்டு. அளவறிந்து உண்ணும்படி ஊருக்கெல்லாம் உரை சொல்பவன் நான்!

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு மணி நேரம், நாற்பத்தொருவர். சர்வரைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அச்சுப் புத்தகம் தலைவர் நினைவுக்கே வரவில்லை. ஒரே ஓர் அடியின் பொருளுக்காகப் பெரும் சண்டை. நான் கண்ட பொருளை, புதிதாகச் சேர்ந்த சம்பந்தியம்மாள் சொல்லடைவிலிருந்தே ஏழு இடங்களை எடுத்துக்காட்டி மறுத்தார்.

"பாத்தீங்களா சம்பந்தி, உங்க சர்வரே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது!"

அவை சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் சொன்னதே சரி. உரையைத் திருத்த வேண்டும்.